குடியிலிருந்து மீள ஏற்ற ஆதரவுக் குழுக் கூட்டத்தைக் கண்டடைவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடியை நிறுத்திய மூன்றாவது வாரத்தில், குடியிலிருந்து மீள முயல்வோர் கூடிப் பேசும் ஆதரவுக் குழுக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் என் அண்ணன் மறுபடியும் குடித்தார். கூட்டத்தில் ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி நடந்த அந்தக் கூட்டம் இரவு 8.30 மணிக்கு முடிந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் வரும் கடைசிப் பேருந்து அதற்குக் கால் மணி நேரம் முன்பே கிளம்பிப் போயிருந்தது. அடுத்து ஏதாவது வண்டி வருமா என்று பார்த்தபடி பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றவருக்கு, எதிர்ச்சாரியில் டாஸ்மாக் கடையின் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம் எது என்று நான்கு பேரிடம் விசாரித்த நாங்கள், அங்கிருந்து எப்படி வீடு திரும்புவது என்று ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. தவறு எங்களுடையதுதான்.

அந்த இரவிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஏற்ற கூட்டம் என்றால் பெரிய ஊரில் நடப்பது என்றோ, பேச்சு உருக்கமாக இருப்பது என்றோ பொருள் இல்லை. வாரந்தோறும் தவறாமல் போக முடிகிற, போனால் குடிக்காமல் வீடு திரும்ப முடிகிற, உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவராவது நம்மைப் போன்றவர் என்று மனம் ஒப்புகிற கூட்டமே ஏற்ற கூட்டம். அதைக் கண்டுபிடிக்கும் வழியை, குடிப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் புரியும்படி, எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் உடம்பு, பிறகுதான் கூட்டம்

தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், வீட்டார் அழுததற்காகவோ சாமி முன் செய்த சத்தியத்துக்காகவோ ஒரே நாளில் தானாகக் குடியை நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் கடந்ததும் நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் வேறு சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகவும் யாரோ அடிக்க வருவதாகவும் தோன்றும். இதைக் காற்றுக் கருப்பு என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப் போகும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் இன்னும் இருக்கிறது. உண்மையில் இது, பல ஆண்டு மதுவுக்குப் பழகிய மூளை அது திடீரென நின்றதும் அடங்க மாட்டாமல் கொந்தளிப்பதால் வருவது. மருத்துவமனையில் கவனித்தால் சில நாளில் அடங்கிவிடும்; கவனிக்காமல் விட்டால் ஆள் இறந்துபோகவும் கூடும். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ கண்டால் 108-ஐ அழைப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

எனவே முதல் வேலை, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போவது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022-இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கான மருத்துவர்கள் இருக்கிறார்கள். தினம் எவ்வளவு, எத்தனை ஆண்டாக, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். குவார்ட்டர் கணக்கைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் மாத்திரையின் அளவும் தவறிவிடும். வெளிப்புற நோயாளியாகப் பார்த்தால் போதுமா, சில நாள் சேர்க்க வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். கூட்டம் என்பது இந்தச் சிகிச்சைக்கு மாற்று இல்லை. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குடிக்காமல் இருப்பதற்கான துணை.

'நான் அந்த அளவுக்கு இல்லையே' என்று நினைப்பவர்களும் உண்டு. மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் நான்கு கேள்விகளைத் தனியாக உட்கார்ந்து தன்னையே கேட்டுப் பார்க்கலாம். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதுண்டா? குடியைப் பற்றிப் பிறர் சொன்னபோது எரிச்சல் வந்ததுண்டா? குடித்ததை எண்ணிக் குற்ற உணர்வு வந்ததுண்டா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தையோ தலைவலியையோ போக்கக் குடித்ததுண்டா? இவற்றில் இரண்டுக்கு 'ஆம்' என்றால், கூட்டத்துக்குப் போகும் தகுதி வந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

என்னென்ன குழுக்கள் இருக்கின்றன

நம் பகுதியில் ஆதரவுக் குழு என்றாலே பெரும்பாலும் ஏ.ஏ. என்று சொல்லப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்தான். அதன் தொடக்கக் கதையை அறிந்துவைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். 1935-ஆம் ஆண்டு மே மாதம், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர் அமெரிக்காவின் ஆக்ரன் என்ற ஊரில், வியாபாரம் முறிந்த வருத்தத்தோடு விடுதி முகப்பில் தனியாக நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. இன்னொரு குடிநோயாளியிடம் பேசாவிட்டால் குடித்துவிடுவோம் என்று உணர்ந்து, தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழைத்தார். அப்படிக் கிடைத்தவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐயே ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. பேருந்து நிலையத்தில் நின்ற என் அண்ணனின் கையிலும் செல்பேசி இருந்தது. ஆனால் அழைப்பதற்கு ஓர் எண்ணை நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இந்தியாவுக்கு ஏ.ஏ. 1957-இல் மும்பை வழியாக வந்து வேர்பிடித்தது. உறுப்பினராகக் குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே போதும். கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, சாதி மதம் கேட்பதில்லை, ஆதார் அட்டையும் கேட்பதில்லை. செலவுக்கு ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் பத்தோ இருபதோ போடலாம், முடியாதவர் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய மரபு. பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-இல், 10,565 பேர் பங்குகொண்ட 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ஏ.ஏ.வையும் அதற்கு வழிகாட்டும் சிகிச்சையையும் முறையாகப் பின்பற்றியவர்களிடம், தொடர்ந்து குடிக்காமல் இருப்பது மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது.

குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகப் பின்பற்றும்படி ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. இரண்டு படிகளில் அது 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்ற அடைமொழியோடு வருகிறது. குலதெய்வத்தை நினைப்பவரும், அல்லாஹ்வை நினைப்பவரும், கர்த்தரை நினைப்பவரும், தெய்வ நம்பிக்கை இல்லாமல் அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாகக் கொள்பவரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். கூட்டம் தேவாலய வளாகத்தில் நடந்தால் அது கிறிஸ்தவக் கூட்டம் என்று பொருளில்லை. குறைந்த வாடகைக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். இருந்தும் அந்தச் சொல்லே ஒவ்வவில்லை என்பவர்களுக்கு, 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற, சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட குழுக்கள் இணையத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இவை தவிர, மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் தம்மிடம் சிகிச்சை பெற்றவர்களுக்காக ஆலோசகர் முன்னிலையில் நடத்தும் தொடர் கூட்டங்கள் உண்டு. வெளியாள்கள் முன்னால் பேசத் தயங்குபவருக்கு முதல் சில மாதங்கள் அதுவே எளிதாக இருக்கும்.

எங்கே விசாரிப்பது

மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்தே தொடங்குங்கள். ஏ.ஏ. உறுப்பினர்கள் மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளைச் சந்திப்பதைத் தங்கள் மீட்சியின் பகுதியாகவே கருதுகிறார்கள். அதனால் செவிலியரிடமோ சமூகப் பணியாளரிடமோ அவர்களின் எண் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, மும்பையில் இயங்கும் ஏ.ஏ. இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளம் வழியாக மாநிலவாரியான தொடர்புகளைப் பெறலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. பின்னதில் தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

எல்லையை மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியினருக்குப் பெங்களூர்தான் கிட்டம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். அங்கே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனி மையம் இருக்கிறது. நகரில் கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. தருமபுரி, நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தார் சேலத்திலும் விசாரிக்கலாம். கட்டட வேலைக்காக வாரம் முழுவதும் பெங்களூரில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை ஊர் திரும்புபவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய. அவர்களுக்கு வேலை செய்யும் இடத்தில் ஒன்று, சொந்த ஊர்ப்பக்கம் ஒன்று என்று இரண்டு கூட்டங்கள் தேவைப்படும்.

வேப்பனப்பள்ளி, ஓசூர்ப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறவர்கள் மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைவீதிக்குப் போதுமான தமிழ், மனத்தில் கிடக்கும் அவமானத்தைச் சொல்லப் போதாமல் போகலாம். சிலர் முதலில் தங்கள் தாய்மொழியில் பேசவும் குழு அனுமதிக்கிறது. கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

லாரி ஓட்டுநர்கள், ஆலை ஷிப்டில் மாறி மாறி வேலை செய்பவர்கள், மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இணையக் கூட்டங்கள் பெரிய உதவி. கொரோனா முடக்கக் காலத்திலிருந்து இவை பெருகியிருக்கின்றன. தமிழில் நடப்பவையும் உண்டு. கேமராவை அணைத்துவிட்டு வெறுமனே கேட்கலாம். என்றாலும், முடிந்தபோதெல்லாம் நேரில் போவதே மேல் என்பது என் கருத்து. கூட்டம் முடிந்து டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் கிடைப்பது திரையில் கிடைப்பதில்லை.

'இந்தக் கடைகளை மூடினால் எல்லாரும் தானாகத் திருந்திவிடுவார்கள், அதுவரை என்ன செய்வது' என்று கைவிட்டுப் பேசும் குடும்பங்களைப் பார்க்கிறேன். ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1-ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தன. சென்னை மாகாணத்திலேயே முதலில் கடை மூடப்பட்ட மண் இது. பிறகு திறந்தார்கள், மூடினார்கள், மீண்டும் திறந்தார்கள். அரசு அடுத்து என்ன செய்யும் என்பதற்காக உங்கள் வீட்டு ஆள் காத்திருக்க வேண்டியதில்லை.

தொலைபேசியில் என்ன கேட்க வேண்டும்

எண் கிடைத்ததும் நேரில் கிளம்பிவிடாமல் முதலில் பேசுங்கள். கூட்ட இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் இரண்டாம் முறை வரமாட்டார். குடிப்பவரே பேசுவது நல்லது. மனைவியோ தம்பியோ பேசினாலும் அவர்கள் மரியாதையாகப் பதில் சொல்வார்கள், ஆனால் 'அவரையே ஒரு தடவை பேசச் சொல்லுங்கள்' என்று கடைசியில் கேட்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பது முதல் கேள்வி. திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் நண்பரும் உடன் வரலாம். மூடிய கூட்டத்தில் குடிநோயாளிகள் மட்டுமே இருப்பார்கள். முதல் முறை தனியாகப் போகத் துணிவில்லாதவர் திறந்த கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், வழக்கமாக எத்தனை பேர் வருகிறார்கள், பெண்கள் வருகிறார்களா என்பவற்றையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர் யாராவது இருக்கிறாரா, அவரோடு சேர்ந்து வர முடியுமா?' என்று கேளுங்கள். என் அண்ணனைக் காப்பாற்றியது இந்த ஒரு கேள்விதான். காரிமங்கலம் தாண்டி மொபட்டில் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், மறுவாரத்திலிருந்து எங்கள் கைகாட்டியில் வண்டியை நிறுத்தி, ஒலிப்பானை இரண்டு முறை அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டபிறகு, 'இன்றைக்குப் போகவில்லை' என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை.

நாளும் வழியும்

தேர்வில் நான் மிகுந்த கவனம் கேட்பது இதற்குத்தான். ஒரு தாளை எடுத்து, உங்கள் வாரத்தில் குடி எந்த நாளில் எந்த நேரத்தில் கூப்பிடுகிறது என்று எழுதுங்கள். கூலி வேலைக்காரருக்குச் சனிக்கிழமை மாலை, கையில் கூலி விழுந்த அரை மணி நேரம். போச்சம்பள்ளிச் சந்தைக்கு ஆடு மாடு ஓட்டிப் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை. ஓசூர் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் வந்த நாளும் இரவு ஷிப்டு முடிந்த காலையும். மாங்காய்க் காலத்தில் குத்தகைப் பணம் புரளும் வாரங்கள் தோட்டக்காரருக்கு. ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் போக முடியும் என்றால், அந்த ஆபத்தான நேரத்தின் மேல் வந்து விழுகிற கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் அமைதியாக இருக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் வசதிதான். ஆனால் சனிக்கிழமை மாலையை அது நிரப்பாது.

அடுத்து வழி. கூட்டம் முடியும் நேரத்துக்கும் கடைசிப் பேருந்துக்கும் இடையில் குறைந்தது அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். அதே சமயம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும்படியும் இருக்கக் கூடாது. முதல் முறை போவதற்கு முன் பகலில் ஒரு தடவை அந்த இடம்வரை போய்வாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து கூட்ட இடம்வரை நடக்கும் பாதையில் கடையோ பாரோ இருந்தால், பத்து நிமிடம் கூடுதலானாலும் வேறு தெரு வழியாகப் போவதென்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பையில் டிக்கெட்டுக்கும் டீக்கும் மேல் பணம் வேண்டாம். பென்னாகரம், அரூர்ப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் இரவு தங்கிப் போகும்படி நகரத்தில் ஓர் உறவினர் வீட்டை ஏற்பாடு செய்துகொண்டால் நல்லது. அந்த வீட்டில் குடிப்பவர் இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருவிழாக்களை மறந்துவிடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல், கரிநாள், மாரியம்மன் பண்டிகை, எருது விடும் விழா, கிடா வெட்டு என்று ஆண்டில் பல நாள்கள் நம் பகுதியில் குடியோடு சேர்ந்தே வருகின்றன. அந்த நாள்களில் கூட்டம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்து, இல்லை என்றால் அன்றைக்கு யாரை அழைக்கலாம் என்பதை எழுதி வையுங்கள்.

முதல் கூட்டத்தில் என்ன நடக்கும்

நாங்கள் இரண்டாவதாகத் தேடிக்கொண்ட கூட்டம் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் நடந்தது. திறந்த கூட்டம் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. சிறிது மௌனம், பிறகு மன அமைதிக்கான ஒரு வேண்டுதல், பிறகு பன்னிரண்டு படிகளை ஒருவர் படித்தார். அதன்பின் ஒவ்வொருவராக, 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தன் கதையைச் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. பேசி முடித்ததும் யாரும் அறிவுரை சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த தோட்டை அடகு வைத்துக் குடித்ததை ஒருவர் சொன்னபோது, என் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எங்கள் அம்மாவின் தோடு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முறை வந்தபோது அண்ணன் தலையை மட்டும் அசைத்தார். தலைமை தாங்கியவர் 'பரவாயில்லைங்க, கேட்டாலே போதும்' என்று அடுத்தவரிடம் போய்விட்டார். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்த நல்ல கூட்டத்திலும் இருக்காது. ஐந்தாம் வாரம்தான் அவர் தன் பெயரைச் சொன்னார்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இரண்டு பேரின் எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள். செல்பேசியில் பதிந்தால் மட்டும் போதாது, தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். குடிக்கத் தோன்றும் நேரத்தில் செல்பேசியில் சார்ஜ் இருக்கும் என்று உறுதியில்லை. இரவு 11 மணிக்கு அழைக்கலாமா என்று கேட்டால், அழைக்கச் சொல்லித்தான் எண்ணைக் கொடுக்கிறோம் என்பார்கள். அவர்கள் முகத்துக்காகச் சொல்வதில்லை. அடுத்தவரிடம் பேசுவது அவர்களையும் குடிக்காமல் வைத்திருக்கிறது.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. சிறிய ஊர்களில் அது நியாயமான அச்சம்தான். அங்கே பார்த்தவரையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது குழுவின் அடிப்படை விதி. அதற்கும் மேல் கூச்சம் இருந்தால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: நாம் சாலையோரம் விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது, எழுந்து நடப்பதை இரண்டு பேர் பார்த்தால் குறைந்துவிடுமா?

பொருந்துகிறதா என்று எப்போது முடிவு செய்வது

ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே குழுவில் குறைந்தது ஆறு முறை உட்காருங்கள். முடியுமானால், அதே காலத்தில் இன்னொரு குழுவையும் இரண்டு முறை பாருங்கள். முதல் மூன்று மாதங்களில் 90 நாளில் 90 கூட்டம் என்று ஏ.ஏ. நண்பர்கள் சொல்வதுண்டு, நம் ஊர்ப் போக்குவரத்தில் நேரில் அது நடக்காது, ஆனால் வாரம் ஒன்றிரண்டு நேரிலும் மற்ற நாள்களில் இணையத்திலுமாகச் சேர்த்துக்கொண்டால் நெருங்கிவிடலாம்.

ஆறாவது கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது சிலவற்றைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே ஓராண்டுக்கு மேல் குடிக்காமல் இருப்பவர்கள் சிலராவது இருக்கிறார்களா? புதிதாக வந்தவரை யாராவது தேடி வந்து பேசுகிறார்களா? ஒருவருடைய கதையாவது என் கதையோடு ஒட்டுகிறதா? போகும்போது இருந்த பாரம் வரும்போது குறைந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால் மற்றவற்றில் சிறு குறை இருந்தாலும் தொடரலாம். பேசுகிறவரின் குரல் பிடிக்கவில்லை, ஒருவர் வேறு கட்சிக்காரர், இன்னொருவர் நமக்குப் பணம் தர வேண்டியவர் என்பன போன்ற காரணங்கள் நின்றுவிடுவதற்கு மனம் தேடும் சாக்காகவும் இருக்கலாம். வழித்துணையாக வருபவரிடம் சொல்லிப் பார்த்தால் எது சாக்கு, எது உண்மை என்பது தெரிந்துவிடும்.

இரண்டு மாதத்துக்குள், ஓராண்டாவது தொடர்ந்து குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது படிகளில் கைப்பிடித்து அழைத்துப் போகும் வழிகாட்டியாக, கேட்டுக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குடியால் துன்பப்படும் பெண்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். ஆண்கள் நிறைந்த அறைக்குள் நுழைவது அவர்களுக்கு மிகக் கடினம். பெண்களுக்கென்றே நடக்கும் இணையக் கூட்டங்களிலிருந்து தொடங்கி, பிறகு துணையோடு திறந்த கூட்டத்துக்குப் போவது அவர்களுக்கு ஏற்ற வழி.

இடையில் குடித்துவிட்டால்? குழு யாரையும் பெயர் நீக்குவதில்லை. கூட்டத்துக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லி, குடிக்காத நாள்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். பேருந்து நிலையத்தில் குடித்த அண்ணன் திரும்பிப் போகப் பதினெட்டு நாள் ஆனது. வெட்கம் தின்ற நாள்கள் அவை.

கயிறும் மாலையும்

கோயிலில் குடிநிறுத்தக் கயிறு கட்டிக்கொள்வதும், மாலை போட்டு 48 நாள் விரதம் இருப்பதும் நம் மக்கள் அறிந்த வழிகள். இவற்றை நான் குறைத்துப் பேச மாட்டேன். குடிக்காமல் ஒரு மண்டலம் இருக்க முடியும் என்பதைப் பலருக்குக் காட்டிக் கொடுத்ததே மாலைதான். கழற்றிய நாளில்தான் சிக்கல். எனவே மாலை போட்டிருக்கும்போதே கூட்டத்துக்குப் போகத் தொடங்குங்கள். மாலை கழற்றும் நாளின் மாலை நேரத்தைக் கூட்டத்துக்கு என்று ஒதுக்கி வையுங்கள். குழு இதற்கு எதிர் சொல்லாது.

விலக வேண்டிய இடங்கள்

கூட்டத்துக்குக் கட்டணம் கேட்டால், 'நூறு சதவீதம் குணம்' என்று உத்தரவாதம் கொடுத்தால், மருத்துவர் கொடுத்த மனநல மாத்திரையை நிறுத்தச் சொன்னால், உங்கள் கதையை வெளியே சொன்னால் அங்கே இருக்க வேண்டாம். மருந்து பற்றி முடிவு சொல்வது ஏ.ஏ.வின் வேலை அல்ல. அப்படிச் சொல்பவர் தன் சொந்தக் கருத்தைச் சொல்கிறார். அடைத்து வைத்து அடிக்கும் மறுவாழ்வு மையங்களைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் தன் வரம்புக்குள் கொண்டிருக்கிறது. அத்தகைய மையம் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியையும் மாத்திரையையும் அறவே தவிருங்கள். டைசல்பிரம் என்ற மருந்து மருத்துவர் மேற்பார்வையில், குடிப்பவரின் சம்மதத்தோடு தரப்படுவது. அது உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து சாகவும் நேரலாம்.

வீட்டாருக்கும் ஒரு கூட்டம்

குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் போகலாம். 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குடும்பக் குழுக்கள் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோருக்கானவை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்ற பிரிவு உண்டு. ஏ.ஏ. தொடர்பாளரிடமே இதையும் கேளுங்கள். என் அண்ணி முதலில், 'அவர்தானே குடிக்கிறார், நான் எதற்கு?' என்றார். பாட்டில் தேடுவது, பையைச் சோதிப்பது, வாயை முகர்ந்து பார்ப்பது என்று தன் நாள் முழுவதும் அவருடைய குடியைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்ததை இரண்டாவது கூட்டத்தில் இன்னொரு பெண் சொல்லக் கேட்டபோதுதான் உணர்ந்தார்.

பக்கத்தில் கூட்டமே இல்லை என்றால்

குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே, வேறு எந்த அமைப்போடும் இணையாதவரை, தங்களை ஒரு ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிறது அவர்களுடைய மரபு. ஏற்கெனவே நடக்கும் குழுவில் ஓராண்டாவது உட்கார்ந்தவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். இடத்துக்குப் பள்ளித் தலைமையாசிரியரையோ ஊராட்சித் தலைவரையோ கேட்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், அறையைப் பெருக்கிச் சாவியைத் திருப்பித் தந்துவிடுவோம் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மாவட்டத் தொடர்பாளர் முதல் சில வாரங்களுக்குப் பழைய உறுப்பினர்களை அனுப்பிவைப்பார். படிகள் அச்சிட்ட தாளும் தமிழ்ப் புத்தகங்களும் அவர்களே கொண்டுவருவார்கள்.

எங்கள் ஊர்க் கூட்டம் அப்படித்தான் சனிக்கிழமை மாலை 5.30 மணிக்கு என்று தொடங்கியது; கூலி வாங்கியவர்கள் நேராக வந்துவிட வேண்டும் என்பதற்காக அந்த நேரம். முதல் நான்கு வாரம் அண்ணனும் மொபட் பெரியவரும் மட்டும் எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவர் கதையை ஒருவர் கேட்டுவிட்டு, பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயோடு வீடு திரும்பினார்கள். ஐந்தாவது வாரம், சிமெண்டு படிந்த சட்டையோடு ஓர் இளைஞர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, 'இங்கதானுங்களா?' என்று கேட்டார். அண்ணன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.